எலக்ட்ரான் ஸ்பின்னும் ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பும்: ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்கள்

மதுரையை அடுத்த நாகமலைப் புதுக்கோட்டையில் ஒரு மாடி அறையில், ஞாயிறுதோறும் எம்.எஸ்சி இயற்பியல் படிப்பவர்களுக்கும் நெட் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் பாடம் சொல்கிறேன். குறைக்கடத்திப் பாடம் நடக்கும் மாதத்தில் மட்டும் வாட்ஸ்அப்பில் இரவு பதினோரு மணிக்கு மேல் கேள்விகள் வரத் தொடங்கும். ஆண்டு மாறும், பிள்ளைகள் மாறுவார்கள், கேள்வி மட்டும் மாறாது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். தற்சுழற்சி, சுற்றுப்பாதை என்று நல்ல தமிழ்ச் சொற்கள் உண்டு. ஆனால் வகுப்பில் எல்லார் வாயிலும் ஸ்பின், ஆர்பிட் என்றே வருவதால் இங்கும் அப்படியே.

1. சார், எலக்ட்ரான் நிஜமாவே பம்பரம் மாதிரி சுத்துதா?

இல்லை. எலக்ட்ரானை ஒரு குட்டி உருண்டையாக நினைத்து, பாடநூலில் வரும் அதன் 'செவ்வியல் ஆர'த்தையே வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருக்கிற கோண உந்தம் வர வேண்டுமானால் உருண்டையின் நடுக்கோடு ஒளியைவிட ஏறத்தாழ 170 மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். 1925-இல் ஊலன்பெக், கவுட்ஸ்மித் என்ற இரண்டு இளைஞர்கள் ஸ்பின் என்ற கருத்தை எழுதியபோது இதே மாதிரியான ஆட்சேபத்தைத்தான் லோரன்ட்ஸ் சொன்னார். பயந்துபோய்க் கட்டுரையைத் திரும்ப வாங்கலாம் என்று போனால், அவர்களுடைய ஆசிரியர் ஏரன்ஃபெஸ்ட் அதை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார். நல்லவேளை.

ஸ்பின் என்பது நிறை, மின்சுமை மாதிரி எலக்ட்ரானோடு ஒட்டிப் பிறந்த குணம். அதற்குக் கோண உந்தமும் உண்டு, காந்தத் திருப்புத்திறனும் உண்டு. எந்தத் திசையில் அளந்தாலும் இரண்டே விடைதான் வரும்: மேல் அல்லது கீழ். 1922-இல் ஸ்டெர்னும் கெர்லாகும் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே விட்டபோது கற்றை இரண்டாகப் பிரிந்தது இதனால்தான். ஸ்பின் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை.

2. ஸ்பின்-ஆர்பிட் பிணைப்புன்னா ஸ்பின்னும் ஆர்பிட்டும் எப்படிங்க சார் ஒன்னோட ஒன்னு பேசிக்கும்?

பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் போகும் பஸ்ஸில் மழை நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியே நிற்பவனுக்கு மழை நேராக விழுகிறது. உங்களுக்குச் சாய்வாக, முகத்தில் அடிக்கிறது. மழை ஒன்றுதான், ஓடுகிறவனுக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. மின்புலமும் அப்படித்தான். நிற்கிறவனுக்கு வெறும் மின்புலமாகத் தெரிவது, அதன் குறுக்கே ஓடுகிற எலக்ட்ரானுக்குக் கொஞ்சம் காந்தப்புலமாகவும் தெரியும். ஸ்பின்னிடம் ஒரு காந்தம் இருக்கிறதே, அது இந்தப் புலத்தைப் பிடித்துக்கொள்ளும். எலக்ட்ரான் போகும் வேகமும் திசையும் ஸ்பின்னைத் தொடுவது இந்த வழியாகத்தான்.

இப்படி நேரடியாகக் கணக்குப் போட்டால் விடை சரியாக இரண்டு மடங்கு அதிகமாக வரும். வளைந்து போகும் எலக்ட்ரானின் சட்டகம் தானே திரும்புவதைச் சேர்த்தால் அந்தப் பாதி சரியாகிவிடும் என்று 1926-இல் தாமஸ் காட்டினார். சார்பியலையும் குவாண்டத்தையும் சேர்த்து 1928-இல் வந்த டிராக் சமன்பாட்டில் இந்தப் பாதி யாரும் சேர்க்காமல் தானாகவே வந்துவிடுகிறது. தேர்வில் அந்த அரையை விட்டுவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது உண்டு.

3. இதெல்லாம் பேப்பர்லதானே? கண்ணால பாக்க முடியுமா?

நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள், யாரும் பெயர் சொல்லவில்லை. இளங்கலையில் ஸ்பெக்ட்ரோமீட்டர் செய்முறை ஞாபகம் இருக்கிறதா? சோடியம் விளக்கைப் போட்டதும் முதலில் இளஞ்சிவப்பாக முனகும். பத்து நிமிடம் கழித்து மஞ்சள் ஏறி, அறையில் இருக்கும் முகமெல்லாம் சவம் மாதிரி ஆகிவிடும். அங்குலத்துக்கு 15,000 கோடு போட்ட கிரேட்டிங்கை (ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் தகடு) வைத்து முதல் வரிசைக்குப் போனால், ஏறக்குறைய 20 டிகிரியில் ஒரு மஞ்சள் கோடு. பெரும்பாலோர் அதைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அவசரப்படாமல் இரண்டாம் வரிசைக்கு, 44 டிகிரிப் பக்கம் தொலைநோக்கியைத் திருப்புங்கள். பிளவைத் தலைமயிர் அளவுக்கு ஒடுக்குங்கள். ஒரு கோடு இரண்டாகும். இடைவெளி 3 மினிட்டுக்குக் (ஒரு டிகிரிக்கு 60 மினிட்) கொஞ்சம் மேல், வெர்னியரில் மூன்று பிரிவு. ஒன்று 589.0 நானோமீட்டர், மற்றது 589.6. அந்த 0.6 நானோமீட்டர்தான் ஸ்பின்-ஆர்பிட். ஸ்பின்னும் ஆர்பிட்டும் ஒரே பக்கம் பார்த்தால் ஓர் ஆற்றல், எதிர்ப்பக்கம் பார்த்தால் இன்னோர் ஆற்றல், வித்தியாசம் 2.1 மில்லி எலக்ட்ரான் வோல்ட். நான் படித்த கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க விளக்கு எரியாமல் கிடந்தது. நாங்கள் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினோம். இதை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்ததே பாடம் நடத்த வந்த பிறகுதான்.

கனமான அணுவுக்குப் போனால் பிளவு பெருத்துவிடும். சீசியத்தில் இதே ஜோடிக் கோடுகள் 852, 894 நானோமீட்டரில் இருக்கின்றன. 0.6 எங்கே, 42 எங்கே! அணுக்கருவின் மின்சுமை கூடினால் அதன் அருகே மின்புலமும் எலக்ட்ரானின் வேகமும் சேர்ந்தே கூடுவதுதான் காரணம்.

4. அது அணுவுக்குள்ள சரி. குறைக்கடத்தியில எலக்ட்ரான் அங்கிட்டு இங்கிட்டு ஓடுது. அதுக்கு ஏது ஆர்பிட்?

நல்ல கேள்வி. படிகத்தில் எலக்ட்ரான் ஓடினாலும், ஒவ்வோர் அணுவைக் கடக்கும்போதும் அதன் அலை அந்த அணுவின் ஆர்பிட்டல் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. காலியம் ஆர்சனைடில் இணைதிறன் பட்டையின் (பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டை) உச்சி 'பி' வகை ஆர்பிட்டல்; அதற்குக் கோண உந்தம் உண்டு. கடத்துபட்டையின் (ஓடித் திரியும் எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டை) அடி 'எஸ்' வகை, அதற்குக் கிடையாது. ஆகவே பெரிய பிளவு இணைதிறன் பட்டையில் வருகிறது: சிலிக்கானில் 0.044 எலக்ட்ரான் வோல்ட், ஜெர்மானியத்தில் 0.29, காலியம் ஆர்சனைடில் 0.34, இண்டியம் ஆர்சனைடில் 0.39, இண்டியம் ஆன்டிமனைடில் ஏறக்குறைய 0.8. கீழே போகப் போகக் கனமான அணு. மூன்றாம் கேள்வியில் பார்த்த கதையேதான்.

கடத்துபட்டை எலக்ட்ரானுக்கு இதெல்லாம் எப்படி வந்து சேர்கிறது என்பதை ஒன்பதாம் கேள்வியில் சொல்கிறேன். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

5. நானோ அமைப்புன்னு சொல்றாங்களே, அது எங்க இருக்கு?

உங்கள் மொட்டைமாடியிலேயே இருக்கலாம். டிஷ் ஆன்டெனாவின் கிண்ணத்துக்கு முன்னால் கை நீட்டி நிற்கும் எல்.என்.பி-க்குள் (சிக்னலை வாங்கிப் பெருக்கும் பெட்டி) இருக்கும் டிரான்சிஸ்டரில், இரண்டு குறைக்கடத்தி அடுக்குகள் சேரும் இடத்தில் எலக்ட்ரான்கள் சில நானோமீட்டர் தடிப்புள்ள தகடுபோல் அடைபட்டு ஓடுகின்றன. மேலும் கீழும் போக முடியாது, பக்கவாட்டில் தாராளம். இரு பரிமாண எலக்ட்ரான் வாயு என்பது இதுதான். ஒரு திசையில் அடைத்தால் குவாண்டம் கிணறு, இரண்டு திசையில் அடைத்தால் குவாண்டம் கம்பி, மூன்றிலும் அடைத்தால் குவாண்டம் புள்ளி. மேலே ஓர் உலோக கேட் (மின்முனை) வைத்து வோல்டேஜ் கொடுத்தால் அந்தத் தகட்டின் மின்புலத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம்.

6. ராஷ்பா, டிரெசல்ஹாஸ் ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லுங்க சார். பத்து மார்க் கேள்வி.

இரண்டும் எழுதியவர்களின் பெயரைத் தாங்கிய ஸ்பின்-ஆர்பிட் விளைவுகள். இரண்டுமே ஒரே குறையிலிருந்து வருகின்றன: அமைப்பைத் தலைகீழாகத் திருப்பினால் அதே மாதிரி இருக்காது. அந்தக் குறை எங்கே இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். காலியம் ஆர்சனைடில் ஒரு பக்கம் காலியம், மறுபக்கம் ஆர்சனிக். படிகமே சமச்சீர் இல்லாதது. அதிலிருந்து வருவது டிரெசல்ஹாஸ், 1955. கிணற்றின் ஒரு பக்கச் சுவரும் மறுபக்கச் சுவரும் வேறுவேறாக இருந்தாலோ, கேட் ஒரு பக்கமாக இழுத்தாலோ வருவது ராஷ்பா. ராஷ்பா முதலில் எழுதியது 1959-60 வாக்கில், வேறு வகைப் படிகத்துக்கு. பிச்கோவும் அவரும் இரு பரிமாண எலக்ட்ரான்களுக்கு எழுதியது 1984-இல்.

ராஷ்பாவை நான் கரும்பலகையில் தொடங்குவதில்லை; மீனாட்சி கோயிலைச் சுற்றியிருக்கும் மாசி வீதியில் தொடங்குகிறேன். வலம் வருகிறவருக்குக் கோயில் எப்போதும் வலக்கைப் பக்கம். மேல மாசி வீதியில் வடக்கே நடந்தால் கோயில் கிழக்கில். வடக்கு மாசி வீதியில் கிழக்கே நடந்தால் தெற்கில். கீழ மாசி வீதியில் தெற்கே நடந்தால் மேற்கில். ராஷ்பா புலம் அந்தக் கோயில் மாதிரி: எலக்ட்ரான் எந்தத் திசையில் போனாலும் புலம் அதன் வலப்பக்கமே நிற்கும், வேகம் கூடினால் புலமும் கூடும். எதிர்த்திசையில் போகிறவனுக்குப் புலமும் எதிர்த்திசையில். (புத்தகப் படத்தில் வட்டத்தின் விளிம்பை ஒட்டி அம்புகள் இருக்குமே, அது தெரு வரைபடம் அல்ல, உந்த வரைபடம். அங்கே திசை என்பது மையத்திலிருந்து வெளியே போகும் கோடு. விதி ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.)

டிரெசல்ஹாஸ் இப்படி ஒழுங்காக வலம் வராது. வழக்கமான கிணறு ஒன்றில், ஒரு மூலைவிட்டத் திசையில் போகிறவனுக்குப் புலம் வலப்பக்கம். அதற்குச் செங்குத்தான மூலைவிட்டத்தில் போகிறவனுக்கு இடப்பக்கம். படிக அச்சின் வழியே போகிறவனுக்கு நேர் முன்னாலோ பின்னாலோ. இன்னொன்றையும் எழுதிவிட்டு வாருங்கள்: ராஷ்பாவை கேட் வோல்டேஜால் திருகலாம், இண்டியம் காலியம் ஆர்சனைடு அமைப்பில் 1997-இல் நிட்டா குழுவினர் இதைக் காட்டினார்கள். டிரெசல்ஹாஸைக் கிணற்றின் அகலம் தீர்மானிக்கும். அகலத்தைப் பாதியாக்கினால் அதன் முக்கியப் பகுதி நான்கு மடங்காகும்.

7. அப்ப சிலிக்கான்ல ஒன்னுமே கிடையாதா?

சிலிக்கானில் எல்லா அணுவும் சிலிக்கானே, படிகம் தலைகீழ்ச் சமச்சீர் உள்ளது, டிரெசல்ஹாஸ் இல்லை. பரப்பில், கேட்டுக்கு அடியில், ராஷ்பா வகை கொஞ்சம் வரும். அணுவும் லேசு, அதனால் மொத்தமே அற்பம். அற்பமாக இருப்பதே சில வேளை வரம். 15-ஆம் கேள்வி பாருங்கள்.

8. காந்தமே இல்லாம காந்தப்புலம்னு சொல்றீங்க. அப்ப அந்தத் துண்டு குண்டூசிய இழுக்குமா?

இழுக்காது. வடக்கே போகும் எலக்ட்ரானுக்குப் புலம் கிழக்கே, தெற்கே போகும் எலக்ட்ரானுக்கு மேற்கே. சும்மா கிடக்கும் துண்டில் இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் போகின்றன, கூட்டினால் பூஜ்யம். காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் உந்தமும் திரும்பும், ஸ்பின்னும் திரும்பும், ஆற்றல் மாறாது. உண்மையான காந்தம் இந்தச் சமச்சீரை உடைக்கும், ஸ்பின்-ஆர்பிட் உடைக்காது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஆனால் மின்னோட்டம் செலுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் போகிறவர்கள் அதிகமாகிவிடுவார்கள், உடனே ஸ்பின்களும் ஒரு பக்கம் சாயும். காந்தமே இல்லாமல் மின்னோட்டத்தால் மட்டும் ஸ்பின்னைச் சாய்க்கலாம். அளவு தெரிய வேண்டுமா? நல்ல இண்டியம் ஆர்சனைடு கிணற்றில் ராஷ்பா பிளவு 5 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வரை போகும். அதை வெளியே காந்தம் வைத்து உண்டாக்கப் பார்த்தால் 5, 6 டெஸ்லா வேண்டும். ஆஸ்பத்திரியில் நம்மை உள்ளே தள்ளும் எம்.ஆர்.ஐ பெரும்பாலும் 1.5 டெஸ்லாதான்.

9. கேட்டுல ரெண்டு வோல்ட் குடுக்குறோம். எலக்ட்ரான் ஒளி வேகத்துல நூத்துல ஒரு பங்குகூடப் போகல. ரெண்டாவது பதில்ல சொன்ன கணக்குப்படி ஒன்னுமே வரக் கூடாதே?

இதைக் கேட்ட பெண்ணுக்கு அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பஸ் ஜன்னல் கணக்கை அப்படியே கேட்டின் மின்புலத்துக்குப் போட்டால் வருவது சுத்தமாக அளக்க முடியாத எண். நிஜத்தில் இண்டியம் ஆர்சனைடில் விளைவு அதைவிட ஏறக்குறைய 3 கோடி மடங்கு பெரியது. காலியம் ஆர்சனைடில் 10 லட்சம் மடங்குக்கு மேல்.

காரணம் இது. வெற்றிடத்தில் எலக்ட்ரானுக்கும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானுக்கும் இடையே உள்ள ஆற்றல் இடைவெளி 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். ஸ்பின்-ஆர்பிட் கோவையில் கீழே வகுக்கிற எண் அதுதான். குறைக்கடத்தியில் அந்த இடத்துக்குக் கடத்துபட்டைக்கும் இணைதிறன் பட்டைக்கும் இடையே உள்ள இடைவெளி வந்து உட்கார்ந்துகொள்கிறது: 1 எலக்ட்ரான் வோல்ட், இண்டியம் ஆர்சனைடில் அதற்கும் பாதிக்குக் கீழே. கடத்துபட்டை எலக்ட்ரான் சுத்தமான 'எஸ்' அல்ல. ஓடும்போது இணைதிறன் பட்டையின் 'பி' குணம் கொஞ்சம் கலந்துவிடுகிறது. அந்தக் கலப்பின் வழியே, நாலாம் பதிலில் பார்த்த பெரிய பிளவு இதற்கும் ஒரு பங்கு வந்து சேர்கிறது. அணுக்கருவின் பக்கத்தில் எலக்ட்ரான் நிஜமாகவே வேகமாகத்தான் போகிறது. ஒளி வேகத்தோடு ஒப்பிடும் வேலை எல்லாம் அங்கே முடிந்துவிட்டது. கேட் செய்வது அந்தச் சொத்தைத் திறந்துவிடும் சாவி வேலை மட்டும்.

இதே கலப்புக்கு இன்னொரு சாட்சி ஜி-மதிப்பு, அதாவது காந்தப்புலத்தில் ஸ்பின்னின் ஆற்றல் எவ்வளவு பிளவுபடும் என்று சொல்லும் எண். தனி எலக்ட்ரானுக்கு 2.0023, காலியம் ஆர்சனைடில் −0.44, இண்டியம் ஆர்சனைடில் −15, இண்டியம் ஆன்டிமனைடில் −50 பக்கம். அச்சுப் பிழையா என்று கேட்பார்கள். இல்லை, குறியே மாறிவிடுகிறது.

வகுப்பில் வருஷத்துக்கு ஒருவர் இதற்கும் மேலே போவார்: கிணற்றுக்குள் அடைபட்டு நிலையாக இருக்கும் எலக்ட்ரான் மேல் சராசரி விசை பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும், அப்புறம் எந்த மின்புலம்? சரிதான், கடத்துபட்டை விளிம்பின் சரிவைச் சராசரி எடுத்தால் பூஜ்யம். ஆனால் ராஷ்பாவுக்குக் கணக்கில் வருவது இணைதிறன் பட்டை விளிம்பின் சரிவு. சுவர் இருக்கும் இடத்தில் இரண்டு பட்டைகளும் ஒரே அளவு குதிப்பதில்லை. அதனால் பூஜ்யம் ஆவதில்லை.

10. டத்தா-தாஸ் டிரான்சிஸ்டர் கடைக்கு வந்துருச்சா சார்?

வரவில்லை. 1990-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் சுப்ரியோ டத்தாவும் பிஸ்வஜித் தாஸும் எழுதிய யோசனை அது. டத்தா கரக்பூர் ஐ.ஐ.டி-யில் படித்தவர். ஒரு பக்க இரும்பு முனையிலிருந்து ஒரே ஸ்பின் உள்ள எலக்ட்ரான்களை விடு. ஓடும் வழியில் ராஷ்பா புலம் ஸ்பின்னைச் சுழற்றும். மறுபக்க இரும்பு முனை தனக்கு ஒத்த ஸ்பின்னை மட்டும் உள்ளே விடும். கேட்டைத் திருகினால் சுழலும் கோணம் மாறும், மின்னோட்டம் ஏறி இறங்கும். இண்டியம் ஆர்சனைடு அளவுகளைப் போட்டால் ஸ்பின் தலைகீழாகத் திரும்ப அரை மைக்ரோமீட்டர் போதும். நம் தலைமுடியின் தடிப்பில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

காகிதத்தில் அழகு, கையில் எடுத்தால் தொல்லை. இரும்பில் மேல் ஸ்பின்னுக்கு 1 ஓம், கீழ் ஸ்பின்னுக்கு 3 ஓம் தடை என்று வையுங்கள். பின்னால் வரிசையாக 1000 ஓம் குறைக்கடத்தி. மொத்தம் 1001, 1003. மூன்று மடங்கு வித்தியாசம் ஆயிரத்தில் இரண்டாகக் கரைந்துபோய்விட்டது. 2000-இல் ஷ்மிட் குழுவினர் இதைத் தெளிவாக எழுதினார்கள். நடுவில் ஸ்பின்னுக்கு ஏற்றபடி தடை மாறும் மெல்லிய தடுப்பு ஒன்று வைத்தால் சமாளிக்கலாம் என்று அதே ஆண்டில் ராஷ்பாவே சொன்னார். 2009-இல் தென் கொரியக் குழு ஒன்று இண்டியம் ஆர்சனைடு கிணற்றில் எதிர்பார்த்த ஏற்ற இறக்கத்தைக் காட்டியது, கடுங்குளிர் வெப்பநிலையில். சாதாரண சிலிக்கான் டிரான்சிஸ்டரோடு போட்டி போடும் நிலையில் இது இல்லை. வன்வட்டில் ஸ்பின் வேலை செய்கிறதே என்பீர்கள். அது உலோக அடுக்குகளின் கதை, 2007 நோபல் பரிசு அதற்குத்தான்.

11. அதிகமா மோதினா ஸ்பின் சீக்கிரம் கலைஞ்சு போகணும்தானே? புக்குல தலைகீழா போட்டுருக்கான்.

புத்தகம் சரி. ஒவ்வொரு மோதலுக்கும் எலக்ட்ரானின் திசை மாறும். ஆறாம் பதிலின்படி புலத்தின் திசையும் மாறும். இரண்டு மோதல்களுக்கு நடுவே ஸ்பின் 0.1 ரேடியன் சுழல்கிறது என்று வைப்போம். திசை மாறாமல் போயிருந்தால் அதே நேரத்தில், நூறு மோதல் நேரத்தில், 10 ரேடியன் சுழன்றிருக்கும். திசை தாறுமாறாக மாறுவதால், குடிகாரன் நடை மாதிரி, 0.1 பெருக்கல் நூறின் வர்க்கமூலம்: 1 ரேடியன்தான். இப்போது மோதலை இரட்டிப்பாக்குங்கள். ஒவ்வோர் அடியும் 0.05, அடிகள் 200, விடை 0.7. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு பக்கம் முழுசாகத் திரும்புவதற்குள் இன்னொருவர் இடித்து மறுபக்கம் தள்ளிவிடுவார். கடைசியில் பெரிதாக எங்கும் திரும்பியிருக்க மாட்டோம். இதுதான் 1971-இல் டியாகனோவும் பெரலும் சொன்ன வழி.

நீங்கள் நினைத்ததும் தப்பில்லை, அது வேறு வழி: எலியட்-யாஃபெட். ஸ்பின்-ஆர்பிட் இருப்பதால் 'மேல்' நிலையிலேயே கொஞ்சம் 'கீழ்' கலந்திருக்கும். ஒவ்வொரு மோதலிலும் புரளச் சிறு வாய்ப்பு. அங்கே மோதல் கூடினால் ஆயுள் குறையும். தலைகீழ்ச் சமச்சீர் உள்ள சிலிக்கானில் இது. அறை வெப்பநிலையில் காலியம் ஆர்சனைடில் முந்தியது. கேள்வித்தாளில் எந்தப் பொருள் என்று பார்க்காமல் விடை எழுதாதீர்கள். இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: பத்தாம் பதிலில் ஸ்பின்னைத் திருப்ப உதவிய அதே புலம்தான் இங்கே அதைக் கலைக்கிறது.

12. ராஷ்பாவும் டிரெசல்ஹாஸும் சமமாயிட்டா ரெண்டும் அடிபட்டுப் போயிருமா?

பாதி அடிபடும். ஒரு மூலைவிட்டத்தில் இரண்டும் வலப்பக்கம், கூடும். மற்றதில் ஒன்று வலம், ஒன்று இடம், கழியும். இரண்டும் சமமானால் எந்தத் திசையில் ஓடினாலும் புலம் ஒரே கோட்டில்தான் நிற்கும். அளவும் குறியும் மட்டும் மாறும். திசை மாறாத புலத்தில் கோணங்கள் குழம்பாது: ஓர் எலக்ட்ரான் எப்படி அலைந்து திரிந்து வந்தாலும், போய்ச் சேர்ந்த இடத்தை வைத்தே அதன் ஸ்பின் எவ்வளவு சுழன்றிருக்கும் என்று சொல்லிவிடலாம். விளைவு, ஸ்பின்கள் படிகத்துக்குள் திருகாணி மாதிரி ஒரு சுருளாக நிற்கும். 2006-இல் பெர்னெவிக் முதலியோர் கணித்தது, 2009-இல் சோதனையில் வந்தது, 2012-இல் நேரடியாகப் படமே எடுத்தார்கள். மோதல்களால் கலையாத ஸ்பின்.

13. ஸ்பின் ஹால் விளைவுக்கும் சாதாரண ஹால் விளைவுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண ஹாலில் வெளிக் காந்தம் மின்சுமையை ஓரத்துக்குத் தள்ளும். ஸ்பின் ஹாலில் காந்தம் கிடையாது. ஸ்பின்-ஆர்பிட் மேல் ஸ்பின்னை ஓர் ஓரத்துக்கும் கீழ் ஸ்பின்னை மறு ஓரத்துக்கும் தள்ளும். மின்சுமை இரு பக்கமும் சமம் என்பதால் வோல்ட்மீட்டர் ஒன்றும் காட்டாது. கணித்தது 1971-இல், அதே டியாகனோவும் பெரலும். காலியம் ஆர்சனைடின் இரு ஓரங்களிலும் ஒளியால் பார்த்தது 2004-இல்.

14. வோல்ட்மீட்டர் காட்டாதுன்னா பின்ன எப்படி அளக்குறாங்க?

ஒரு வழி ஒளி. வட்டமாக முனைவாக்கப்பட்ட ஒளியில் ஒவ்வொரு ஃபோட்டானும் ஸ்பின் சுமந்து வருகிறது. (அதைச் சோதனையால் காட்டியவர்களில் நம் ராமனும் பகவந்தமும் உண்டு, 1931 வாக்கில். ராமன் விளைவோடு நிறுத்திக்கொள்கிறோம், இதை யாரும் சொல்வதில்லை.) காலியம் ஆர்சனைடில் அந்த ஒளி விழுந்தால் ஒரு ஸ்பின் மூன்று பங்கும் மற்றது ஒரு பங்குமாக எலக்ட்ரான்கள் எழும்பும், 50 சதவீத முனைவாக்கம். அப்புறம் இன்னோர் ஒளியைப் பட்டுத் திரும்ப விட்டு, அதன் முனைவுத் தளம் எவ்வளவு திரும்பியது என்று பார்த்தால் ஸ்பின் தெரியும். 1998-இல் இப்படித்தான் காலியம் ஆர்சனைடில் 100 நானோ வினாடிக்கு மேல் ஸ்பின் தாங்குவதைப் பார்த்தார்கள்.

இன்னொரு வழி வெறும் மின்தடை, எனக்குப் பிடித்ததும் இதுதான். கடுங்குளிரில் எலக்ட்ரான் அலை ஒரு வளையத்தை வலமாகவும் இடமாகவும் ஒரே சமயம் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கு வரும். இரண்டும் கூடினால் எலக்ட்ரான் அங்கேயே தங்கும், தடை கூடும். ஸ்பின்-ஆர்பிட் இருந்தால் இரண்டு ஸ்பின்களுக்கும் இடையே முழு 360 டிகிரி வித்தியாசம் வர முடியும். 360 டிகிரி சுற்றிய ஸ்பின் பழைய நிலைக்கு வராது, கழித்தல் குறியோடு வரும். 720 சுற்றினால்தான் பழையது (நியூட்ரான்களில் 1975-இல் சோதித்துப் பார்த்த உண்மை). அதனால் அலைகள் கழிந்துகொள்ளும், தடை குறையும். மிகச் சிறு காந்தப்புலம் கொடுத்தாலே இந்த ஏற்பாடு கலைந்து தடை ஏறத் தொடங்கும். வரைபடத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி. அந்தக் குழியின் அகலத்திலிருந்து ராஷ்பாவின் அளவைக் கறந்துவிடுகிறார்கள்.

15. குவாண்டம் புள்ளியில அடைச்சுட்டா எலக்ட்ரான் ஓடாது. ஓடலேன்னா ஸ்பின்-ஆர்பிட்டும் இல்லேதானே?

ஏறக்குறைய. சராசரி உந்தம் பூஜ்யம், அதனால் முதல் கணக்கில் புலமும் பூஜ்யம். மிச்சமிருக்கும் சின்ன விளைவு ஃபோனான்களோடு (படிகத்தின் அதிர்வுகள்) சேர்ந்துதான் ஸ்பின்னைப் புரட்ட முடியும். 2008-இல் காலியம் ஆர்சனைடுப் புள்ளி ஒன்றில் 1 டெஸ்லா புலத்தில் ஸ்பின் 1 வினாடிக்கு மேல் புரளாமல் இருந்தது. எலக்ட்ரானுக்கு ஒரு வினாடி என்பது யுகம். லாஸும் டிவின்சென்சோவும் 1998-இல் இந்த ஸ்பின்னையே குவாண்டம் கணினியின் கியூபிட்டாக (தகவலின் அடிப்படை அலகு) வைக்கலாம் என்றது வீண் ஆசை இல்லை.

ஆனால் புரளாமல் இருப்பது வேறு, தாளம் தப்பாமல் இருப்பது வேறு. காலியம், ஆர்சனிக் எல்லா அணுக்கருவுக்கும் ஸ்பின் உண்டு. புள்ளிக்குள் இருக்கும் பல லட்சம் கருக்களின் இரைச்சலில் தாளம் 10 நானோ வினாடியிலேயே தப்பிவிடும். சிலிக்கானில் கரு ஸ்பின் உள்ளது 4.7 சதவீதம்தான், அதையும் சுத்திகரித்து நீக்கிவிடலாம். ஏழாம் பதிலில் வரம் என்றது இதையும் சேர்த்து. அதற்கும் விலை உண்டு. ஸ்பின்-ஆர்பிட் அற்பமானால் ஸ்பின்னை மின்புலத்தால் ஆட்டுவதும் கடினம். காலியம் ஆர்சனைடில் 2007-இல் கேட் வோல்டேஜை ஆட்டியே ஸ்பின்னைத் திருப்பினார்கள். சிலிக்கானில் அதற்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் காந்தம் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

16. மஜோரானா துகளைக் குறைக்கடத்திக் கம்பியில கண்டுபிடிச்சுட்டாங்களாமே?

மஜோரானா என்பது தனக்குத் தானே எதிர்த்துகளாகவும் இருக்கும் துகள். 2012-இல் இண்டியம் ஆன்டிமனைடு கம்பியை மீக்கடத்தியோடு (மின்தடையே இல்லாத பொருள்) ஒட்டி, காந்தப்புலம் கொடுத்து, பூஜ்ய வோல்டேஜில் ஒரு மேடு பார்த்தார்கள். எதிர்பார்த்த அடையாளம் அதுதான். ஆனால் கம்பியில் இருக்கும் சாதாரண நிலைகளும் அதே மேட்டைக் காட்டும். 2018-இல் இன்னும் உறுதியான சான்று என்று வந்த கட்டுரை ஒன்று 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. 'கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று தேர்வில் எழுத வேண்டாம்.

17. மதுரையில உக்காந்துக்கிட்டு இதுல நாம என்ன செய்ய முடியும் சார்?

அணு அணுவாக அடுக்கு வளர்க்கும் இயந்திரம் நம் கல்லூரிகளில் வராது, உண்மைதான். தயாரிப்பு வசதி வேண்டுமானால் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி, மும்பை ஐ.ஐ.டி ஆகிய இடங்களில் வெளிக் கல்லூரி ஆய்வாளர்களுக்கும் திறந்துவிடும் அரசுத் திட்டம் இருக்கிறது, வழிகாட்டியிடம் கேளுங்கள். கணக்கிடும் வேலைக்கு மடிக்கணினி போதும். ராஷ்பா ஹாமில்டோனியன் (ஆற்றலைத் தரும் கோவை) வெறும் இரண்டுக்கு இரண்டு அணி.

இந்த வாரம் அதைக் கையால் போட்டு வாருங்கள். ஒரு பரவளையம் இரண்டாகி, ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் நகர்ந்து, நடுவில் பூஜ்ய உந்தத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டாமல் இடைவெளி விழுந்தால் எங்கோ ஒரு காந்தப்புலத்தை உள்ளே விட்டுவிட்டீர்கள். எட்டாம் பதிலுக்குப் போய்விட்டு வாருங்கள். அப்புறம் டிரெசல்ஹாஸைச் சேர்த்து, இரண்டையும் சமமாக வைத்து, சம ஆற்றல் கோட்டை வரைந்து பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு முழு வட்டங்கள் வரும்.